இணை மேற்கோளா, உடன்சுட்டா?

இரண்டு ஆய்வுக் கட்டுரைகளை மூன்றாவது ஒன்று சேர்த்துக் குறிப்பிடுவதை ஆங்கிலத்தில் கோ-சைட்டேஷன் என்பார்கள். அதற்கு 'இணை மேற்கோள்' என்ற பரிந்துரையைப் பார்த்தேன். எனக்கு இதில் இரண்டு சிக்கல். மேற்கோள் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது அடுத்தவர் எழுதிய வரியை அப்படியே எடுத்துப் போடுவதுதான், ஆனால் தரவு அகழ்வு (டேட்டா மைனிங்) மாநாட்டுக் கட்டுரைகளில் யாரும் வரியை எடுப்பதில்லை, பகர அடைப்புக்குள் ஓர் எண்ணைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். ஆகவே ஒரு கட்டுரை இன்னொன்றைக் குறிப்பிடுகிற சைட்டேஷனுக்குச் சுட்டல் போதும். ரெஃபரன்ஸுக்கு வழங்கும் உசாத்துணை அழகான சொல், வினையாக்கத்தான் வழியில்லை. சுட்டலில் சுட்டும் கட்டுரை, சுட்டப்பட்ட கட்டுரை என்று திசை தானாகவே தெரிந்துவிடுகிறது. (கவனமாக எழுத வேண்டும்தான்: சுட்டி எழுதினால் ஆய்வு, சுட்டு எழுதினால் திருட்டு.)

இரண்டாவது சிக்கல்தான் பெரிது. 'இணை மேற்கோள்' இரண்டு வேறு உறவுகளுக்கும் பொருந்தித் தொலைக்கிறது. 1963இல் கெஸ்லர் சொன்ன பிப்ளியோகிராஃபிக் கப்ளிங்கில் இரண்டு கட்டுரைகள் ஒரே பழைய கட்டுரையைச் சுட்டுகின்றன. 1973இல் ஹென்றி ஸ்மாலும் இரினா மார்ஷகோவாவும் தனித்தனியே சொன்ன கோ-சைட்டேஷனில் இரண்டு கட்டுரைகளைப் பின்னால் வந்த ஒன்று சேர்த்துச் சுட்டுகிறது. முதலாவது, கட்டுரைகள் வெளியான அன்றே முடிந்துபோகிற கணக்கு. மற்றது ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகலாம். அடிக்கடி சேர்ந்து வரும் உருப்படிகளைத் தேடும் இரண்டு புதுக் கட்டுரைகள் 1994இன் அப்ரியோரி (கடைக் கூடைகளில் எந்தப் பொருட்கள் அடிக்கடி சேர்ந்து வருகின்றன என்று எண்ணும் வழிமுறை) கட்டுரையைச் சுட்டினால் அது கப்ளிங், அதிலும் வலுவில்லாத கப்ளிங், ஏனென்றால் அந்தத் துறையில் அதைச் சுட்டாதவர் அரிது. அப்ரியோரியையும் அதே வேலைக்கு 2000இல் வந்த எஃப்பி-குரோத் என்ற வேறொரு வழிமுறையின் கட்டுரையையும் ஒரே கட்டுரை சுட்டினால் கோ-சைட்டேஷன். வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு கட்டுரையின் சுட்டுப்பட்டியலையும் ஒரு வாங்கல் கூடையாக வைத்துக்கொண்டால், எந்த இரண்டு எத்தனை முறை சேர்ந்து வருகின்றன என்று எண்ணுவது அப்ரியோரி செய்கிற அதே வேலைதான், தன்னைப் பற்றிய கணக்கை அதுவே போட்டுக்கொள்ளலாம்.

ஆகவே கோ-சைட்டேஷனுக்கு உடன்சுட்டு, மற்றதற்குப் பொதுச்சுட்டுப் பிணைப்பு. தன் பழைய கட்டுரையைத் தானே சுட்டுவதற்குத் தற்சுட்டு, அதில் சண்டை வராது என்று நினைக்கிறேன். இலக்கணத்தில் சுட்டு ஏற்கெனவே இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். இருக்கட்டுமே, அங்கும் அதற்குக் கைகாட்டுகிற வேலைதான். பொதுச்சுட்டுப் பிணைப்பு நீளம் என்று தோன்றினால் வெட்டிக்கொள்ளுங்கள், உடன்சுட்டோடு மட்டும் அதைக் கலந்துவிடாதீர்கள்.