ஜானகி அம்மாள் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது, பிரிக்க வழி உண்டா?

வணக்கம். கோவையில் தாவரவியல் ஆசிரியையாக இருக்கிறேன். 1986-ல், ஒன்பதாம் வகுப்பில், தாவரவியல் விஞ்ஞானி ஜானகி அம்மாளின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை என் டீச்சர் எனக்குக் கொடுத்தார். 1934 முதல் சில ஆண்டுகள் எங்கள் ஊர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் கரும்பை மக்காச்சோளத்தோடும் காட்டுப் புற்களோடும் கலப்பினம் செய்து, குரோமோசோம்களை எண்ணியவர் ஜானகி அம்மாள். எண்பதை நெருங்கியபோதும் மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் செடிகளோடுதான் இருந்தார். நான் இந்தத் துறைக்கு வந்ததே அவரால்தான்.

போன மழையில் சுவர் ஓதம் காத்து, படம் ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டிவிட்டது. ஆறு இன்ச்சுக்கு எட்டு இன்ச் ஸ்டூடியோ பிரிண்ட், பழைய போட்டோ பேப்பர். நெற்றியிலும் இடது தோளிலும் ஈரம் பட்டதுபோல் பளபளவென்று திட்டுகள். முகத்தின் மற்ற பகுதி ஒட்டவில்லை.

மூன்று வாரம் மின்விசிறிக் காற்றில் வைத்தேன், அசையவில்லை. ஹேர் டிரையரை லேசாகக் காட்டி ஓரத்தைத் தூக்கியதில் தோள் பக்கம் நகக்கண் அளவு பிய்ந்தது, உடனே நிறுத்திவிட்டேன். தண்ணீரில் ஊறப்போடச் சொன்னார் ஒரு ஸ்டூடியோக்காரர். ஆனால் பின்பக்கம் டீச்சர் பேனா மையில் எழுதியது இருக்கிறது: "நீயும் எண்ணிப் பார்." அது கரைந்துவிடும். கண்ணாடியோடு ஸ்கேன் எடுத்து வைத்துவிட்டேன், அது போதாது. எனக்கு அந்தக் காகிதமே வேண்டும்.

பின்பக்க மை கரையாமல் இந்தப் படத்தைக் கண்ணாடியிலிருந்து பிரிப்பது எப்படி?