குருத்தோலைச் சிலுவை முடையத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்களா?

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். குருத்தோலை ஞாயிறு நெருங்குகிறது. எங்கள் தமிழ் ஆராதனைக்கு வருஷாவருஷம் ஓலைச் சிலுவை செய்து தந்த ஆன்ட்டி ஊரோடு போய்விட்டதால், போன வருஷம் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வெள்ளிக்கிழமையே ஓலை வாங்கிச் சமையலறை மேசையில் போட்டுவைத்தேன். ஞாயிறு காலையில் மடித்த இடமெல்லாம் வெடித்து, பாதிப் பேர் கையில் வெறும் ஈர்க்குதான் மிச்சம். ஈரத்துணியில் சுற்றி வைத்தால் தாங்குமா?

சிங்கப்பூர் தேக்காவில் இளங்குருத்துக்கு யாரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்? 150 ஓலையாவது வேண்டும்.

அப்புறம், சனிக்கிழமை மாலை யாராவது வந்து பிள்ளைகளுக்கு முடையக் கற்றுத் தந்தால் பெரிய உதவி. யூடியூப் பார்த்துப் பழகினேன்; சிலுவைக்குப் பதில் வெட்டுக்கிளி வந்தது. டீயும் வடையும் என் பொறுப்பு.

வாங்கிப்போகும் சிலுவைகளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அடுத்த சாம்பல் புதனன்று நெற்றியில் இட அவற்றை எரித்துத்தான் சாம்பல் எடுப்போம்.