கொள்முதலில் நெருக்கடி எங்கிருந்து வருகிறது? – உறுப்பினர்களின் அனுபவங்கள்

ஓய்வுபெற்ற அரசுப் பண்டகப் பிரிவு அலுவலர்

டெண்டர் என்றதும் உறை திறக்கும் நாளில் என்ன நடக்கிறது என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அன்றைக்குத் தவறு நடப்பது அரிது. விலை கொடுத்தவர்கள் எல்லாரும் எதிரில் அமர்ந்திருப்பார்கள். ஒவ்வொரு தொகையையும் உரக்கப் படித்துப் பதிவேட்டில் கையொப்பம் வாங்கிவிடுவோம். நெருக்கடி அதற்குப் பல வாரங்களுக்கு முன்பே, வாங்கும் பொருள் எப்படி இருக்க வேண்டும் என்ற விவரக்குறிப்பு தயாராகும் மேசைக்கு வந்துவிடுகிறது.

ஆய்வகக் கருவி ஒன்றுக்கான தேவைப் பட்டியல் ஒருமுறை என்னிடம் வந்தது. அதில் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. ஆனால் கருவியின் அகலம், எடை, திரையின் அளவு யாவும் புள்ளிக்குப் பிந்தைய இலக்கம் வரை குறிக்கப்பட்டிருந்தன. சந்தையில் கிடைத்த கையேடுகளோடு ஒப்பிட்டபோது அவை ஒரே ஒரு மாடலுக்குத்தான் பொருந்தின. "இந்த எடை எந்தப் பரிசோதனைக்குத் தேவைப்படுகிறது?" என்று மட்டும் குறிப்பெழுதிக் கோப்பைத் திருப்பி அனுப்பினேன். எழுத்தில் பதில் வரவில்லை, தொலைபேசி அழைப்புதான் வந்தது. மார்ச் 31க்குள் செலவிடாவிட்டால் ஒதுக்கீடு காலாவதியாகிவிடும், அதற்கு நீங்கள் பொறுப்பேற்பீர்களா என்று கேட்டார்கள். அதையே கோப்பில் எழுதித் தரும்படி மரியாதையாகக் கேட்டுக்கொண்டேன். யாரும் எழுதவில்லை. சில நாட்களில் அளவுகள் "குறைந்தபட்சம் இவ்வளவு" என்று திருத்தப்பட்டு வந்தன, போட்டிக்கு வேறு நிறுவனங்களும் வந்தன.

அவகாசத்தைச் சுருக்குவது இன்னொரு வழி. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்கீழ் 2000இல் வந்த விதிகள், 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 30 நாள் என்று அவகாசம் விதித்திருக்கின்றன. அதைக் குறைக்க வேண்டுமானால் டெண்டர் கோரும் அலுவலருக்கு மேலுள்ளவர் காரணத்தை எழுத்தில் பதிவு செய்து அனுமதிக்க வேண்டும். விதியில் உள்ள "எழுத்தில்" என்ற நிபந்தனைதான் கீழ்நிலை அலுவலருக்குக் கிடைத்துள்ள உண்மையான பாதுகாப்பு என்பது என் உறுதியான கருத்து. வற்புறுத்தல்கள் எல்லாம் வாய்மொழியாகவே வருகின்றன, ஆனால் தணிக்கை வரும்போது கோப்பில் உள்ள கையெழுத்துக்கு உரியவர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சிறுதொழில் உற்பத்தியாளர், கோவை

விடுதிகளுக்கு இரும்புக் கட்டிலும் மேசையும் செய்து தரும் பட்டறை நடத்துகிறேன். ஐயா சொன்ன வாய்மொழி நெருக்கடி எங்கள் பக்கத்திலும் உண்டு. "உங்கள் லெட்டர்ஹெட்டில் கொஞ்சம் கூடுதல் விலையில் ஒரு கொட்டேஷன் மட்டும் கொடுங்கள், அடுத்த ஆர்டர் உங்களுக்கு" என்று சக வியாபாரியே கேட்பார். மூன்று விலைப்புள்ளி வேண்டும் என்ற விதியை இப்படித்தான் ஒரே கை நிறைவேற்றிவிடுகிறது. கேட்பவர் இதை உதவி என்கிறார். 2002ஆம் ஆண்டின் போட்டிச் சட்டமோ இதை டெண்டர் கூட்டுச்சதி என்கிறது. நான் கொடுப்பதில்லை, அதனால் சில இடங்களில் எனக்கு அழைப்பே வருவதில்லை.

ஆனால் என்னைப் போன்றோரை உண்மையில் தளர வைப்பது பில் தொகைக்கான காத்திருப்புதான். சரக்கை ஏற்றுக்கொண்ட பிறகு குறு, சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி தர வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது. வட்டியைக் கேட்டால் அடுத்த ஆர்டர் போய்விடும் என்ற அச்சத்தில் பெரும்பாலோர் கேட்பதில்லை. தாமதம் நீள நீள, பில் பாஸ் ஆவதற்குக் "கவனிக்க" வேண்டும் என்ற பேச்சு தொடங்குகிறது. 2018இல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளிதான்; கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் மட்டுமே தப்பலாம். கூலி கொடுக்கப் பணமில்லாமல் நிற்கும் பட்டறைக்காரருக்கு அந்த ஏழு நாள் எவ்வளவு குறுகியது என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். எனக்கு அப்படி ஒரு கோரிக்கை வந்தபோது, பில் நிலுவைக்கான காரணத்தைக் கேட்டுப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். பணம் தாமதமாகத்தான் வந்தது, ஆனால் முழுமையாக வந்தது.

தனியார் நிறுவனக் கொள்முதல் மேலாளர்

விதிப்படி எல்லாம் சரியாக இருந்தும் அறம் தவறுகிற இடம் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் ஆலையின் துப்புரவுப் பணிக்கு விலை கேட்டோம். மிகக் குறைந்த விலை, அதாவது எல்-1, மற்றவற்றைவிட வெகுவாகக் குறைந்திருந்தது. நிர்வாகம் மகிழ்ந்தது. நான் ஆட்களின் எண்ணிக்கையைக் குறைந்தபட்சக் கூலியால் பெருக்கி, வேலையளிப்பவர் செலுத்த வேண்டிய 12 விழுக்காடு வருங்கால வைப்பு நிதியையும் 3.25 விழுக்காடு ஈ.எஸ்.ஐ. எனும் தொழிலாளர் காப்பீட்டுப் பங்கையும் சேர்த்தேன். ஒப்பந்ததாரர் கேட்ட மொத்தத் தொகை அந்தக் கணக்குக்கே எட்டவில்லை. அப்படியானால் குறையும் பணம் துப்புரவுப் பெண்களின் கூலியிலிருந்துதான் பிடிக்கப்படும். ஒப்பந்ததாரர் கூலி தராவிட்டால் முதன்மை வேலையளிப்பவரான, அதாவது ஒப்பந்ததாரர் மூலம் வேலை வாங்கும் நாங்களே தர வேண்டிவரும் என்று எடுத்துச் சொன்ன பிறகுதான் நிர்வாகம் என் கணக்கைக் கேட்டது. அந்தப் பெண்களின் கூலி என்று சொன்னபோதே கேட்டிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. இப்போது எங்கள் டெண்டர் ஆவணத்திலேயே கூலி, சட்டப்படியான பங்களிப்புகள், சேவைக் கட்டணம் மூன்றையும் தனித்தனியே காட்டச் சொல்கிறோம். போட்டி சேவைக் கட்டணத்தில் மட்டும்தான் நடக்கிறது.

அரசுத் துறையில் எல்-1ஐ இப்படி நிராகரிக்க முடியுமா என்று அறிய விரும்புகிறேன்.

ஓய்வுபெற்ற அரசுப் பண்டகப் பிரிவு அலுவலர்

முடியும். ஆனால் நீங்கள் போட்ட கணக்கு வரிக்கு வரி மதிப்பீட்டுக் குறிப்பில் இடம்பெற வேண்டும், கூலியைப் பற்றிய நிபந்தனை டெண்டர் ஆவணத்திலேயே முன்கூட்டி இருந்திருக்க வேண்டும். நிராகரிக்கப்பட்டவர் ஆணை கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். அப்போது உங்களை நேரில் அழைத்து விளக்கம் கேட்பார்கள் என்று நம்பியிருக்க வேண்டாம், கோப்பைத்தான் படிப்பார்கள்.