வானொலி அறிவிப்பாளர் தமது முகநூலில் அரசியல் கருத்து எழுதலாமா?

அறிவிப்பாளர், கல்லடி:
தனியார் வானொலி ஒன்றில் காலை நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குகிறேன். செய்தி வாசிப்பதில்லை, பாடல்களும் பிறந்தநாள் வாழ்த்தும் நேயர் அழைப்புகளுமே என் பொறுப்பு. மட்டக்களப்பு மாவட்டத்தின் மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் தொடங்கிய போராட்டத்தை ஆதரித்து என் முகநூலில் எழுதியிருந்தேன். நிலையத்தின் குரலாக இருப்பவர் பக்கம் சாயக்கூடாது என்று சொல்லி, அந்தப் பதிவை நீக்குமாறு நிர்வாகம் இப்போது கேட்கிறது. அத்தகைய விதி எதுவும் எனக்கு எழுத்தில் தரப்படவில்லை. நான் நீக்கத்தான் வேண்டுமா?

ஓய்வுபெற்ற ஒலிபரப்பாளர், ஆரையம்பதி:
தங்கச்சி, எழுத்தில் விதி இல்லை என்பதுதான் இங்கே முதன்மையானது. பிபிசியில் காற்பந்து நிகழ்ச்சி நடத்திய கேரி லினேக்கர், பிரித்தானிய அரசின் புகலிடக் கொள்கையை ட்விட்டரில் கண்டித்ததற்காக 2023 மார்ச்சில் நிகழ்ச்சியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். சக வர்ணனையாளர்களும் அவருக்காக ஒதுங்கிக்கொள்ள, அந்த வாரம் தொகுப்பாளரோ வர்ணனையோ இன்றி வெறும் 20 நிமிடமே நிகழ்ச்சி ஒளிபரப்பானது. சில நாட்களிலேயே அவரைத் திரும்ப அழைத்த நிறுவனம், செப்டெம்பரில் புதிய வழிகாட்டலை வெளியிட்டது: செய்திப் பிரிவினருக்குக் கடுமையான நடுநிலை, மற்ற முதன்மை நிகழ்ச்சிகளின் தொகுப்பாளர்கள் கொள்கைகளைப் பற்றிப் பேசலாம், ஆனால் கட்சிப் பிரசாரம் செய்யக்கூடாது. இந்த வேறுபாடு எனக்கு நியாயமாகவே படுகிறது. 2004 மே 31 அன்று ஊடகவியலாளர் ஐயாத்துரை நடேசன் சுட்டுக் கொல்லப்பட்ட நகரம் நமது மட்டக்களப்பு. இங்கே வாய்மொழியாக வரும் "நீக்கிவிடுங்கள்" என்ற சொல் எத்தனை பேரை ஊமையாக்கும் என்பதை நிர்வாகங்கள் உணர வேண்டும்.

சட்டம் பயின்றவர், கல்முனை:
அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தை உறுதிப்படுத்துகிறது. ஆயினும் அடிப்படை உரிமை மனுவை ஆட்சித்துறை அல்லது நிருவாகத்துறைச் செயலுக்கு எதிராக மட்டுமே தாக்கல் செய்யலாம். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் ஒரு கல்வி நிகழ்ச்சியைத் திடீரென நிறுத்தியபோது, அதில் பங்கெடுத்து வந்த நேயர் ஒருவரின் கருத்துரிமை மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அது அரச நிறுவனம் என்பதால் அது இயன்றது. தனியார் நிலையத்தில் உங்கள் ஒப்பந்தமே பேசும், அதை முதலில் வாசியுங்கள். அரச ஊழியரின் நிலை இன்னும் இறுக்கமானது: சமூக ஊடகங்களில் அவர்கள் கருத்து வெளியிடுவதைத் தடுக்கும் சுற்றறிக்கை 2022 செப்டெம்பரில் வந்தது.

நேயர், ஏறாவூர்:
உங்கள் முகநூல் பக்கத்தின் பெயரோடு நிலையத்தின் பெயரும் ஒட்டியிருக்கிறது. முகப்புப் படத்தில் நிலையச் சின்னம் பொறித்த ஒலிவாங்கியின் முன் அமர்ந்திருக்கிறீர்கள். படிப்பவருக்கு அது நிலையத்தின் கருத்தாகவே தோன்றும். கருத்தை நீக்கச் சொல்ல மாட்டேன், அந்த அடையாளத்தை நீக்குங்கள். மேய்ச்சல் தரை பற்றி அதிகாரியையும் பண்ணையாளரையும் அழைத்து உங்கள் நிகழ்ச்சியில் பேசவைப்பதாக இருந்தால், அன்று வேறொருவர் நடத்தட்டும்.

அறிவிப்பாளர், கல்லடி:
அனைவருக்கும் நன்றி. பெயரையும் படத்தையும் இன்றே மாற்றிவிட்டேன். பதிவு அப்படியே இருக்கும். விதியை எழுத்தில் தருமாறு நிர்வாகத்திடம் கடிதம் கொடுக்கிறேன். கலந்துரையாடலை வேறொருவரிடம் விடுவதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. பக்கம் எடுத்தவரும் இரு தரப்பிடமும் நேர்மையாகக் கேள்வி கேட்க முடியும் என்றே நம்புகிறேன்.