குளச்சல் பக்கம் ராத்திரி முழுக்க தூண்டில் போட மகனைக் கூட்டிட்டுப் போலாமா?

தக்கலை வயரிங்:

வணக்கம் எல்லாருக்கும். சொந்த ஊர் தக்கலை, 11 வருஷமா சார்ஜால எலக்ட்ரீசியன் வேலை, இப்பம் 40 நாள் லீவுல வந்திருக்கேன். அங்க லீவு நாள் ராத்திரி ஆனா ரூம்ல உள்ள பசங்களோட கடல் பாலத்துல போய் இருந்து விடிய விடிய தூண்டில் போடுவோம், அந்த வீடியோ எல்லாம் பாத்து பாத்து என் மகனுக்கு (13 வயசு) ஒரே ஆசை, அப்பா வந்தா என்னையும் ஒரு ராத்திரி கூட்டிட்டு போகணும்னு ரெண்டு வருஷமா போன்ல கேட்டுட்டே இருக்கான். இந்த லீவுல எப்படியும் செஞ்சு குடுத்திரணும்.

ஆனா தக்கலைல பொறந்தும் நம்ம கடலு எனக்கு சுத்தமா தெரியாது. அங்க கம்பி வேலி போட்ட பாலம், வெட்டம் (வெளிச்சம்) உண்டு, கடலும் குளம் மாதிரி கிடக்கும். இங்க பாத்தா கருங்கல்லும் சிமெண்ட் நட்சத்திரக் கல்லும் குவிச்சுப் போட்ட தூண்டில் வளைவுதான் (அலைத் தடுப்புச் சுவர்) இருக்கு. குளச்சல் துறைமுகத்துக்கிட்ட வெளிய நீட்டிக்கிட்டு இருக்குற சுவர் முனையில போய் இருக்கலாம்னு நெனச்சேன், அங்கதான் ஆழம் இருக்கும்னு. வீட்டுக்காரிக்கு பயம், 2024 மே மாசம் கணபதிபுரம் லெமூர் பீச்சுல அஞ்சு மெடிக்கல் ஸ்டூடண்ட்ஸ அலை இழுத்துட்டுப் போனத சொல்லி வேண்டவே வேண்டாங்கா. எங்க இருக்கணும், எந்த ராத்திரி கொள்ளாம் (நல்லாருக்கும்), என்ன இரை வாங்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க. 9 அடி ராடும் 4000 சைஸ் ரீலும் கொண்டு வந்திருக்கேன்.

கொடிமுனை வள்ளம்:

தம்பி, வீட்டுல சொல்லுறது சரிதான், ஆனா போகவே கூடாதுன்னு இல்ல. எடத்தையும் நாளையும் நீங்க முடிவு பண்ணக்கூடாது, கடலு முடிவு பண்ணணும், அவ்வளவுதான். லீவு தீரப்போவுது இன்னைக்கு விட்டா முடியாதுன்னு வாறவங்கதான் தப்பு பண்ணுறது.

மொதல்ல அந்த வெளி முனை வேண்டாம். அந்த நட்சத்திரக் கல்லு தண்ணி ஏறி எறங்குற எடம் பூரா பாசி புடிச்சிருக்கும், பகல்லயே நாங்க செருப்ப கழட்டிட்டு பாத்து பாத்துத்தான் கால் வைப்போம், ராத்திரி வழுக்கி ரெண்டு கல்லுக்கு இடையில போயிட்டா அலை அடிக்குற சத்தத்துல கூப்பிட்டாலும் கேக்காது. பாலம்னா கீழ விழுந்தா தண்ணியில விழுவோம், இங்க கல்லுலதான் விழணும், அதுதான் உங்க சார்ஜாவுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம். சுவருக்கு உள்பக்கம், துறைமுகத்தப் பாத்து இருங்க. அங்க ஆழம் கொறவுன்னு நெனைக்காதீங்க, வள்ளம் வந்து போற எடம்.

உள்பக்கம் மீனு இருக்குமான்னு கேப்பீங்க. விளக்குக் கம்பத்து வெட்டம் தண்ணியில விழுற எடத்துல நெத்தோலியும் சின்ன சாளையும் (மத்தி) கூட்டம் கூடும், அதைப் புடிக்க வாளை மீனும் சீலா மீனும் இருட்டுக்குள்ள நிக்கும். நடு வெட்டத்துல இரைய போட்டா ஒண்ணும் கிட்டாது, வெட்டம் முடிஞ்சு இருட்டு தொடங்குற அந்த ஓரத்துலதான் போடணும், அதனாலதான் அமாவாசைய ஒட்டி போறது, நெலா இருந்தா எல்லா எடமும் வெட்டம், மீனு ஒரு எடத்துல கூடாது. வாளைக்கு பல்லு பிளேடு மாதிரி, வெறும் தங்கூஸ் (நைலான் நூல்) கட்டுனா ஒரு கடியில அறுத்துட்டுப் போயிரும், தூண்டில் முள்ளுக்கு மேல ஒரு சாண் ஸ்டீல் கம்பி கட்டுங்க. இரைக்கு காலைல ஏலத்துல வாங்குன சாளை போதும், தோலோட நீளமா வெட்டி வைங்க. ஐஸ்ல கிடந்து கொழகொழன்னு ஆனது வேண்டாம், வீசும்போதே முள்ளுலருந்து பிச்சுட்டுப் போயிரும். ஈயம் அடியில கல்லுக்கு இடையில மாட்டும், அதுக்கு பலம் கம்மியான தங்கூஸ்ல ஈயத்த தனியா கட்டுங்க, மாட்டுனா ஈயம் மட்டும் போவும், மத்தது வரும். அறுந்த தங்கூஸ கடல்லயோ கல்லுலயோ போடாதீங்க, சுருட்டி பையில வைங்க, நம்ம கரைக்கு ஆமை முட்டை போட வருது, அதோட கழுத்துலயும் காலுலயும் அதுதான் சுத்துது.

நாளு: சனிக்கிழமை ராத்திரி வாங்க. ஞாயிறு எங்களுக்கு கடலுக்குப் போக்கு கிடையாது, வள்ளம் எல்லாம் கட்டிக் கிடக்கும், உங்க நூலு யாரு எஞ்சின்லயும் சுத்தாது. இந்த மாசம் கடலும் பரவாயில்ல, ராத்திரி ஆனா கரையிலருந்து கடலுக்கு காத்து போவும். ஜூன், ஜூலைன்னா நான் வாங்கன்னே சொல்லிருக்க மாட்டேன், அப்பம் இங்க விசைப்படகுக்கும் தடைக்காலம், கடலும் அப்பிடி.

இன்னும் ஒண்ணு, இதத்தான் முக்கியமா சொல்ல வந்தேன். கள்ளக்கடல்னு சொல்லுவோம். இங்க காத்தும் இருக்காது மழையும் இருக்காது, வானம் சுத்தமா இருக்கும், ஆனா ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெக்க இந்தியப் பெருங்கடல்ல அடிச்ச காத்துல எழும்புன அலை நாள் கணக்கா நடந்து வந்து இங்க ஏறும். கள்ளன் மாதிரி சொல்லாம வருது, அதான் அந்த பேரு. ஏப்ரல், மே மாசம்தான் கூடுதல், மத்த மாசத்துல வராதுன்னு இல்ல. லெமூர்ல அந்தப் பிள்ளைங்க போனதும் அப்பிடி எச்சரிக்கை குடுத்திருந்த நாள்லதான். ஹைதராபாத்துல உள்ள இன்காய்ஸ் (INCOIS, கடல் தகவல் மையம்) முன்கூட்டியே எச்சரிக்கை போடுது, கிளம்புறதுக்கு முன்னாடி அத பாத்துட்டு வாங்க. வந்த உடனே சுவருல ஏறவும் வேண்டாம், 20 நிமிஷம் கீழ நின்னு பாருங்க, கல்லு எதுவரை நனைஞ்சிருக்கோ அதுவரை அலை வந்திருக்குன்னு அர்த்தம், அதுக்கும் ரொம்ப மேல இருங்க.

மீன்பிரியன் மார்த்தாண்டம்:

அண்ணன் சொல்லுறது சரி ஆனா பெரிய பாறை மீன் வேணும்னா முனைக்குத்தான் போகணும், நான் ரெண்டு தடவை போயிருக்கேன், ஒண்ணும் ஆவல.

கொடிமுனை வள்ளம்:

ரெண்டு தடவை ஆவல, சரி. கூட 13 வயசு பிள்ளை இருக்கான்னு எழுதியிருக்காரு, அத வாசிச்சீங்களா? நான் பொறந்ததுலருந்து இந்தக் கரையில இருக்கேன், நான் என் பிள்ளைய ராத்திரி அங்க ஏத்த மாட்டேன்.

கருங்கல் சிஸ்டர்:

நான் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுல நர்ஸ். தூண்டில் போட போயிட்டு வாறவங்க எங்ககிட்ட முக்காவாசி வாறது கெளுத்தி முள்ளு குத்திட்டுதான், தம்பி. ராத்திரி உங்க இரைய அது கண்டிப்பா கடிக்கும். முதுகுல ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு, மொத்தம் மூணு முள்ளு, அது உயிரோட துடிக்கும்போது பையன வெறுங்கையால தொட விடாதீங்க, ஈரத்துணி போட்டு அமுக்கிட்டு பிளேயரால தூண்டில் முள்ளக் கழட்டுங்க. குத்திருச்சுன்னா ஐஸ் வைக்குறாங்க, அது வேண்டாம், வெந்நீர்தான் வைக்கணும். பொறுக்குற சூடு, சுமார் 45 டிகிரி, குத்துன எடத்த அதுல முக்கி ஒரு மணி நேரம் போல வச்சிருந்தா வலி எறங்கும், ஏன்னா அந்த விஷம் சூட்டுல கெட்டுப்போற ஜாதி. வலியில மரத்துப் போன கைக்கு சூடு தெரியாது, அதனால நல்ல கையால தொட்டுப் பாத்துட்டு முக்குங்க, இல்லன்னா வெந்துரும். அப்புறம் ஆஸ்பத்திரி வந்து டெட்டனஸ் ஊசி போட்டு முள்ளு துண்டு உள்ள இருக்கான்னு பாத்துக்கணும். திருக்கை வால் அடிச்சாலும் இதேதான். ஒரு பிளாஸ்க் வெந்நீர் கையில வச்சிக்குங்க, தேவைப்படலைன்னா டீ போட்டுக்கலாம்.

பேத்தை கிடைச்சா, அதான் பலூன் மாதிரி ஊதுமே, அத வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க. சமைச்சாலும் அந்த விஷம் போகாது.

தக்கலை வயரிங்:

அண்ணே, அக்கா, போயிட்டு வந்துட்டோம். போன சனிக்கிழமை. கொஞ்சம் விவரமா எழுதுறேன், எழுதாம இருக்க முடியல.

சாயங்காலம் எச்சரிக்கை ஒண்ணும் இல்லைன்னு பாத்துட்டு 9 மணிக்கு போனோம். அண்ணன் சொன்ன மாதிரி கீழ நின்னு பாத்தோம், மகன் போன்ல டைம் வச்சு 20 நிமிஷம் ஆனதுக்கு அப்புறம்தான் விட்டான். உள்பக்கம் இருந்தோம். மொத மூணு மணி நேரம் ஒண்ணுமே கடிக்கல, சின்ன மீனு இரைய கொத்திக் கொத்தி தின்னுட்டு போவுது, சாளை பாதி தீந்துருச்சு. அவனுக்கு தூக்கம் வந்து என் மடியில சாஞ்சிட்டான். முட்டம் லைட்ஹவுஸ் வெட்டம் தூரத்துல வந்து வந்து போவுது, கட்டிக் கிடக்குற வள்ளம் ஒண்ணோட ஒண்ணு லேசா முட்டுற சத்தம். 11 வருஷத்துல இவன் இப்படி என் மடியில தூங்குனது எத்தனை தடவைன்னு எண்ணிப் பாத்தேன், கை விரலே மிச்சம் இருந்துச்சு.

1 மணிக்கு மேல வெட்டத்து ஓரத்துல போட்டது இழுத்துச்சு. அவன தட்டி எழுப்பி ராட கையில குடுத்தேன், நான் பின்னாடி இடுப்பப் புடிச்சிக்கிட்டேன். வாளை! வெள்ளித் தகடு மாதிரி மின்னிக்கிட்டு வந்துச்சு, அவன் உயரத்துல பாதி இருக்கும், அவன் போட்ட சத்தத்துல ஒரு வள்ளத்துல படுத்திருந்த பெரியவர் எழுந்து உக்காந்து பாத்துட்டு கொள்ளாம் மக்களேன்னு சொல்லிட்டு திரும்பப் படுத்துக்கிட்டார். அப்புறம் இன்னும் ரெண்டு வாளை, ஒரு கெளுத்தி. கெளுத்திய துணி போட்டுத்தான் எடுத்தேன், அக்காவ நெனச்சுக்கிட்டேன். வெந்நீர் தேவைப்படல, டீயா குடிச்சோம்.

3 மணி இருக்கும். கடலு அதுவரை அமைதியாத்தான் இருந்துச்சு, திடீர்னு வெளிப்பக்கம் படார்னு ஒரு சத்தம், அடுத்தடுத்து மூணு அலை, முனைப் பக்கம் சுவருக்கு மேல தண்ணி ஏறி வெள்ளையா கொட்டுறத விளக்கு வெட்டத்துல பாத்தோம். எங்களுக்கு சாரல் மட்டும்தான். அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி பழையபடி ஆயிருச்சு. நான் மொதல்ல இருக்கணும்னு எழுதுன எடம் அதுதான். மகன் ஒண்ணும் பேசல, என் கைய புடிச்சிக்கிட்டான், நானும் ரெண்டு நிமிஷம் பேசல. அதோட நூல சுருட்டிட்டு கீழ எறங்கி, கோயில் மணி அடிக்குற வரைக்கும் மணல்ல இருந்தோம்.

வீட்டுக்காரி வாளைய புளிமுளம் (மீன் குழம்பு) வச்சா, மரச்சீனி (மரவள்ளிக் கிழங்கு) அவிச்சு சாப்பிட்டோம். அலை ஏறுனத நான் மறைக்கல, அவகிட்ட சொல்லிட்டேன். ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, அந்த அண்ணன் கூட வாறதா இருந்தா இன்னொரு தடவை போங்கன்னு சொன்னா. எனக்கு இன்னும் 16 நாள் இருக்கு அண்ணே, இடையில ரெண்டு சனிக்கிழமை. உங்களுக்கு எது தோதுப்படும்? கடலு வேண்டாம்னா வேண்டாம், நீங்க சொல்லுங்க. சாளைய நான் காலைலயே ஏலத்துல வந்து வாங்கிருவேன்.

கொடிமுனை வள்ளம்:

மொத சனி வாறேன் தம்பி, ரெண்டாவது சனிக்கு நெலா கூடிரும். சாளை நீங்க வாங்க வேண்டாம், என் வள்ளத்துல உள்ளத எடுத்து வைக்குறேன். மகனுக்கு கைத்தூண்டில் போட படிச்சுக் குடுக்கேன், ராடு இல்லாம வெரல்லயே மீனு தொடுறது தெரியணும்.