திருவிதாங்கூரில் சமத்துவம் எங்கிருந்து வந்தது: ஆன்மிக எழுச்சியா, அரசியல் போராட்டமா?

நாஞ்சில் வாசகன்:
இன்றைய தென்கேரளமும் கன்னியாகுமரிப் பகுதியும் சேர்ந்திருந்த 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூர் சமஸ்தானம் என்றாலே சட்டம், மனு, பிரிட்டிஷ் அழுத்தம் என்று பேசிவிட்டுப் போகிறோம். மக்களைத் தலைநிமிர வைத்த ஆன்மிக எழுச்சிக்கு அடிக்குறிப்பில்தான் இடம் கிடைக்கிறது. இதை நான் ஏற்கவில்லை. கன்னியாகுமரி அருகே சாமித்தோப்பில், அய்யாவழியைத் தொடங்கிய வைகுண்ட சுவாமிகள் எல்லாச் சாதியினரும் நீர் எடுக்க ஒரே கிணறு அமைத்தார். தலைப்பாகை கட்ட உரிமை இல்லாதவர்களிடம், தலைப்பாகையோடுதான் வழிபட வேண்டும் என்றார். வெறும் பூசைக்காகவா அரசர் அவரைச் சிறையில் அடைத்தார்? குடிமக்கள் சமம் என்ற எண்ணம் இந்த மண்ணில் முதலில் பேசியது பக்தியின் மொழியில்தான்.

ஆவணப்பிரியன்:
அந்தத் துணிவை யார் மறுத்தார்கள்? ஆனால் எண்ணம் வேறு, உரிமை வேறு. 1855இல் அடிமைமுறை ஒழிந்தது. 1859இல் நாடார் பெண்கள் மேலாடை அணிய அனுமதி கிடைத்தது. இரண்டுக்கும் பின்னால் லண்டன் மிஷன் என்ற கிறிஸ்தவச் சங்கத்துப் பாதிரியார்களின் முறையீடும் சென்னையிலிருந்த பிரிட்டிஷ் அரசின் நெருக்குதலும் இருந்தன. மருத்துவம் படித்தும் சாதியால் சொந்த நாட்டில் வேலை மறுக்கப்பட்ட டாக்டர் பல்ப்பு, 1896இல் தன் சாதியினரான 13,176 ஈழவர்களின் கையெழுத்தோடு மன்னருக்கு மனு கொடுத்தார். அரசியல் என்றால் இதுதான்.

நாஞ்சில் வாசகன்:
அந்த மனுவால் என்ன கிடைத்தது, ஐயா? கைவிரித்தார்கள். அதே பல்ப்பு பிறகு ஈழவர் குடும்பத்தில் பிறந்த துறவி நாராயண குருவைத்தானே நாடினார்! 1888இல் அருவிப்புறத்தில் குரு சிவலிங்கத்தை நிறுவினார். அந்தக் கோயிலை நடத்தக் கூடிய சிறு குழுதான் 1903இல் கம்பெனிச் சட்டத்தின்கீழ் பதிவான ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகமாக வளர்ந்தது. உறுப்பினர்கள் கூடினார்கள், தீர்மானம் போட்டார்கள், பொறுப்பாளர்களைக் கேள்வி கேட்டார்கள். சட்டமன்றத்தின் வாசலையே காணாத மக்கள் மக்களாட்சியைப் பழகிய இடம் அது. மனு ஒரு நாள் எழுதிக் கொடுப்பது. யோகம் ஆண்டு முழுவதும் நடந்தது.

கயல்:
இருவருக்கும் ஒரு கேள்வி. ஆவணப்பிரியன், லண்டன் மிஷனை வெளி அழுத்தக் கணக்கில் எழுதுகிறீர்கள். 1795இல் அந்தச் சங்கம் பிறந்ததே இங்கிலாந்தின் சுவிசேஷ எழுச்சியில்தான். அப்படியானால் அதுவும் சமய எழுச்சியின் விளைவுதானே?

நாஞ்சில் வாசகன், 1859 பிரகடனத்தை முழுதாகப் படித்திருக்கிறீர்களா? மேலாடை அணியலாம், ஆனால் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்று அது சொன்னது. பெண்ணின் உடல்மேல் சாதி வரம்பு அப்படியே நின்றது. இதைச் சமத்துவம் என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. இன்னொன்று, யோகத்தில் சாதிப்பெருமை தலைதூக்கியதால் 1916இல் குருவே அதிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு கொச்சிப் பகுதியின் செராயில் குருவின் சீடர் சகோதரன் அய்யப்பன், ஈழவர்களுக்கும் கீழாக வைக்கப்பட்ட புலையர்களோடு சமபந்தி உண்டபோது, சொந்தச் சாதிக்காரர்களே அவரைப் 'புலையன் அய்யப்பன்' என்று ஏசினார்கள். ஒரு சாதியை உயர்த்திய எழுச்சி, அதற்குக் கீழே வைக்கப்பட்டவர்களை என்ன செய்தது?

ஆவணப்பிரியன்:
லண்டன் மிஷன் பற்றிச் சொன்னது சரி, மறுக்க வழியில்லை. ஆனால் புலையர்களின் தலைவர் அய்யன்காளியைப் பாருங்கள். 1893இல் தன் சாதியினருக்குத் தடுக்கப்பட்ட பொதுச்சாலையில் வில்வண்டி எனும் மாட்டுவண்டியை ஓட்டினார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்வரை வயலில் இறங்க மாட்டோம் என்று உழைப்பாளர்களைத் திரட்டினார். அவர் கையில் எடுத்த ஆயுதம் உழைப்பு. 1930களில் ஈழவரும் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் பிரதிநிதித்துவத்துக்காகக் கைகோத்தார்களே, அவர்களை இணைத்தது எந்தச் சாமி? தனித்தனியே நின்றால் இடம் கிடைக்காது என்ற கணக்குதான் இணைத்தது.

நாஞ்சில் வாசகன்:
அந்தக் கணக்கைப் போட ஒரு சமூகம் முதலில் தன்னைச் சமூகமாக உணர வேண்டும். அதைத் தந்தது யார்? 1936 கோயில் நுழைவுப் பிரகடனத்தையும் மறக்காதீர்கள். ஈழவர்கள் கூட்டமாக மதம் மாறிவிடுவார்களோ என்ற அச்சம் இல்லாமல் அரண்மனை அசைந்திருக்காது. மதத்தை விட்டுப் போவேன் என்று சொல்ல முடிவதும் சமய விழிப்புணர்வின் ஒரு முகம்தான். யோகத்தின் செயலாளராக இருந்த சி. கேசவன் 1938இல் பொறுப்பாட்சி, அதாவது மக்கள் பிரதிநிதிகளுக்குப் பொறுப்பான ஆட்சி கேட்ட திருவிதாங்கூர் ஸ்டேட் காங்கிரஸின் தலைவர்களில் ஒருவரானார். இந்தத் தொடர்ச்சி தற்செயல் இல்லை.

ஆவணப்பிரியன்:
கேசவனை நீங்களே அழைத்து வந்தது நல்லது. 1950இல் சபரிமலைக் கோயில் எரிந்தபோது, ஒரு கோயில் எரிந்தால் அந்த அளவுக்கு மூடநம்பிக்கை ஒழியும் என்று சொன்னவர் அவர். கோயில் குழுவில் தொடங்கிய வரலாறு அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. வயதுவந்த அனைவருக்கும் வாக்கு என்ற அடிப்படையில் திருவிதாங்கூரில் தேர்தல் நடந்தது 1948இல். கோயில் கதவு திறந்து 12 ஆண்டுகள் கழித்து.

கயல்:
சொத்து இருந்தால்தான் வாக்கு என்றிருந்த அந்தக் காலத்தில், கோயிலுக்குள் போக முடிந்த நிலமற்ற புலையர் பெண்ணால் வாக்குச்சாவடிக்குள் போக முடியவில்லை. அவள் பக்கமிருந்து இந்த வரலாற்றை யாராவது எழுதியிருந்தால் சொல்லுங்கள். அதைப் படித்த பிறகு உங்கள் இருவரோடும் வாதாட வருகிறேன்.