புதுப்பிப்பு: மோட்டார் பெட்டியின் வைஃபையில் சேர்ந்தும் கட்டளை போகாத சிக்கல்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பில் கிணற்று மோட்டாரைப் போனிலிருந்து ஓட்ட ஆப் எழுதுகிறேன், கன்ட்ரோலர் பெட்டியின் வைஃபையில் போன் சேர்ந்தும் ‘ஆன்’ கட்டளை போகவில்லை என்று கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது.

அந்த வைஃபையில் இணையம் கிடையாது. அதனால் மொபைல் டேட்டா இருந்தால் ஆண்ட்ராய்டு ஆப்பின் போக்குவரத்தை டேட்டா பக்கம் திருப்பிவிடுகிறது. டேட்டாவை அணைத்தால் மட்டும் மோட்டார் ஓடிய மர்மம் இதுதான். ஆண்ட்ராய்டு 10-இல் வந்த வைஃபை நெட்வொர்க் ஸ்பெசிஃபையர் (குறிப்பிட்ட ஒரு வைஃபையை ஆப்பே கேட்டுச் சேரும் வசதி) வழியாகக் கேட்டால் அந்த நெட்வொர்க் தனியாகக் கைக்கு வரும். இங்கே சிலர் சொன்னபடி முழு ஆப்பையும் அதோடு பைண்ட் செய்தால், அதாவது கட்டிப்போட்டால், மோட்டார் ஓடும், ஆனால் இணையத்தில் இருக்கும் ஆப்பின் சர்வருக்கு ஒன்றும் போகாது. ஆப்பில் பெட்டியோடு பேசும் பகுதிக்கு (கிளையன்ட்) மட்டும் அந்த நெட்வொர்க்கின் சாக்கெட் ஃபேக்டரியை, அதாவது அதன் வழியாக இணைப்பு உருவாக்கித் தருவதை, கொடுத்தேன். மற்றதெல்லாம் டேட்டாவில் போகிறது.

அப்புறம், ஆண்ட்ராய்டு 9 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைக் குறிவைத்து எழுதிய ஆப்களில் சாதா எச்டிடிபி (மறையாக்கம் இல்லாத இணைப்பு) இயல்பாகவே தடுக்கப்படும். பெட்டியின் முகவரிக்கு மட்டும் விலக்கு எழுதிக்கொள்ளுங்கள். ஐபோனில் ஐஓஎஸ் 14 முதல் லோக்கல் நெட்வொர்க் அனுமதி தனியாகக் கேட்கும்.

ப்ளூடூத் யோசனை சொன்னவர்களுக்கு நன்றி. சாளையிலிருந்து (தோப்பு வீடு) கிணறு ரொம்பத் தூரம், எட்டாது.

தோப்புக்காரர் பார்த்துவிட்டு, “ஏனுங் தம்பி, கரண்ட் வந்தா அதுவா ஓடாதுங்களா?” என்றார். ஆட்டோ ஸ்டார்ட்டர் வேலையையும் இனி நான்தான் எழுத வேண்டும் போல. ஆப்பை மூடினால் இணைப்பு அறுந்துவிடுகிறது, அதனால் மோட்டாரை எப்போது ஓட்டுவது என்ற கணக்கைப் பெட்டிக்குள்ளேயே வைக்கப்போகிறேன்.